அத்தைக்கு வேலை செய்த ஊசி எனக்கு ஏன் கிடையாது? (வெண்புள்ளி, பெம்பிகஸ் ஆய்வுகள் பற்றி)

காரைக்குடியான்

எனக்குச் சில வருடமாக வெண்புள்ளி இருக்கிறது. வாயோரத்தில் ஆரம்பித்தது, பிறகு கண் இமை, அப்புறம் இரண்டு கை விரல் நுனிகளும். என் அத்தைக்கு (அப்பாவின் தங்கை) பெம்பிகஸ் என்ற கொப்புள நோய். அவருக்கு முதலில் வாய்க்குள் மட்டும்தான் புண், ரசம் சாதம்கூட இறங்காது. பல் டாக்டர், பி காம்ப்ளெக்ஸ், மணத்தக்காளிக் கீரை என்று மாதக்கணக்கில் ஓடியது. முதுகிலும் மார்பிலும் கொப்புளம் வந்து தோல் உரிய ஆரம்பித்த பிறகுதான் பயாப்ஸி எடுத்து இன்ன நோய் என்று சொன்னார்கள். ரிட்டுக்ஸிமாப் டிரிப் ஏற்றினார்கள், ஸ்டீராய்டை மெல்ல மெல்லக் குறைத்தார்கள், இப்போது மாத்திரையே இல்லாமல் இருக்கிறார். போன மாதம் ஒரு வளைகாப்பில் மிளகாய் பஜ்ஜி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

என் கேள்வி இதுதான். இரண்டுமே நம் எதிர்ப்புச் சக்தி நம்மையே தாக்குகிற நோய் என்கிறார்கள். அப்படியானால் அத்தைக்கு வேலை செய்த ஊசி எனக்கு ஏன் கிடையாது? டாக்டரிடம் கேட்டேன், "அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். இணையத்தில் தேடினால் ரக்ஸோலிடினிப் என்று ஒரு கிரீம் முப்பது சதவீதம் வேலை செய்கிறது என்று வருகிறது. முப்பது சதவீதம் என்றால் என்ன? என் முகத்தில் முப்பது சதவீதம் நிறம் திரும்புமா, இல்லை நூறு பேரில் முப்பது பேருக்குத் திரும்புமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெயிலான்

தம்பி, முப்பது வருடமாக இதோடு குடித்தனம் நடத்துகிறேன். மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு முகாம் நடத்துகிற ஆட்களிடம் மட்டும் போய்விடாதே. அவர்களிடம் எப்போதும் 100 சதவீதம்தான். 30 என்று சொல்கிறவன் குறைந்தபட்சம் எண்ணிப் பார்த்திருக்கிறான்.

ஓ.பி.சீட்டு

நான் தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். உங்கள் டாக்டருக்கு ஓ.பி.யில் சொல்ல நேரமில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எதிர்ப்புச் சக்தி தாக்குகிறது என்பது பொதுவான பேச்சு. அதில் எந்தப் பிரிவு தாக்குகிறது என்பதுதான் கேள்வி, மருந்தை முடிவு செய்வது அதுதான். பெம்பிகஸில் ஆள் தெளிவாகத் தெரியும்: ரத்தத்தில் மிதக்கிற ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் புரதம். 1982-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கிராண்ட் அன்ஹால்ட்டும் லூயிஸ் டயஸும் மற்றவர்களும் பெம்பிகஸ் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடியைப் பிரித்துப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டார்கள். குட்டிகளுக்குக் கொப்புளம் வந்தது. வேறு எதையும் கொடுக்கவில்லை, ஆன்டிபாடி மட்டும்தான். இன்னொரு சாட்சியமும் இருக்கிறது. பெம்பிகஸ் இருக்கிற தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குச் சில சமயம் கொப்புளத்தோடு பிறக்க நேரும், ஏனென்றால் ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். சில வாரங்களில் அம்மாவின் ஆன்டிபாடி தீர்ந்ததும் குழந்தை தானாகச் சரியாகிவிடும்.

வெண்புள்ளியில் இப்படி நடப்பதில்லை. தாய்க்கு வெண்புள்ளி என்பதற்காகக் குழந்தை வெள்ளைத் திட்டோடு பிறந்து அது தானாக மறைவதை யாரும் பார்த்ததில்லை. ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கலாம், ஆனால் கொல்வது அது இல்லை. 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆய்வுக்குழு வெள்ளைத் திட்டின் விளிம்பிலிருந்து சி.டி.8 டி செல்களை (மற்ற செல்களைக் கொல்கிற வெள்ளணு வகை) எடுத்து, அதே நோயாளியின் நிறம் போகாத தோல் துண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தது. டி செல்கள் தோலுக்குள் புகுந்து நிறம் தயாரிக்கிற மெலனோசைட்டுகளைத் தேடிக் கொன்றன. பக்கத்துச் செல்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

ரிட்டுக்ஸிமாப் காலி செய்வது பி செல்களை. பி செல்தான் வளர்ந்து ஆன்டிபாடி சுரக்கிற செல்லாக மாறுகிறது. உங்கள் அத்தையின் நோய்க்கு அது மூலத்தில் வெட்டு. உங்கள் நோயில் டி செல் வேலை பார்க்கும்போது பி செல்லைக் காலி செய்து பெரிய பயன் இல்லை, ஆனால் தொற்று அபாயம் மட்டும் கூடவே வரும்.

உங்களுக்கு அந்த கிரீம் ஏன் என்றால், அந்த டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளை விடுகின்றன, அதைக் கேட்டுத் தோல் செல்கள் சி.எக்ஸ்.சி.எல்.10 என்கிற அழைப்பை அனுப்புகின்றன, அதைப் பார்த்து இன்னும் டி செல்கள் வந்து சேர்கின்றன. மாசசூசெட்ஸில் ஜான் ஹாரிஸ் குழு எலிகளில் இந்தச் சங்கிலியைக் காட்டியது. இன்டர்ஃபெரான் காமாவின் செய்தி தோல் செல்லுக்குள் போகிற பாதைதான் ஜாக் பாதை. ரக்ஸோலிடினிப் அந்தப் பாதையை அடைக்கிறது.

காரைக்குடியான்

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை, நன்றி டாக்டர். சின்னச் சந்தேகம். அத்தைக்கு ஏன் முதலில் வாயில் மட்டும் வந்தது?

ஓ.பி.சீட்டு

இது எனக்கு மிகப் பிடித்த கதை. செங்கலுக்கு நடுவே சிமெண்ட் மாதிரி, தோல் செல்களை ஒட்டி வைக்கிற புரதம் டெஸ்மோக்ளீன். அதில் 1, 3 என இரண்டு வகை இங்கே முக்கியம். வாயின் உள்தோலில் 3-தான் பாரத்தைத் தாங்குகிறது. உடம்புத் தோலில் 1, 3 இரண்டும் இருக்கின்றன, ஒன்று போனாலும் மற்றது சமாளிக்கும். 3-க்கு எதிராக மட்டும் ஆன்டிபாடி இருந்தால் வாய்ப்புண், தோல் நன்றாக இருக்கும். அப்புறம் 1-க்கும் எதிராக ஆன்டிபாடி வந்துவிட்டால் உடம்பும் உரியும். 1-க்கு மட்டும் இருந்தால் பெம்பிகஸ் ஃபோலியேசியஸ்: தோலின் மேல்மட்டம் மட்டும் உரியும், வாய் சுத்தமாக இருக்கும். ஜான் ஸ்டான்லியும் மசாயுகி அமகாயும் பல வருடம் உழைத்து நிறுவியது இது. டெஸ்மோக்ளீன் 3-ஐ இவர்கள் அடையாளம் கண்டது 1991-ல்.

அதனால் யாருக்காவது வாய்ப்புண் வாரக்கணக்கில் ஆறாமல், புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தால் பி காம்ப்ளெக்ஸோடு நிறுத்தாதீர்கள். இன்னொன்று, பயாப்ஸி எடுக்கும்போது இரண்டு துண்டு எடுக்க வேண்டும், இரண்டு பாட்டில். ஒன்று ஃபார்மலினில் போகும். இன்னொன்று கொப்புளத்துக்குப் பக்கத்துத் தோல், அது மைக்கேல் திரவத்தில் போக வேண்டும், அது இல்லாவிட்டால் ஒரு நாளுக்குள் லேபுக்குப் போய்ச் சேரும்படி சலைனில். இரண்டையும் ஃபார்மலினில் போட்டுக் கொண்டுவந்துவிட்டால் இம்யூனோஃப்ளோரசன்ஸ் (தோலில் ஒட்டிய ஆன்டிபாடியை ஒளிரவைத்துக் காட்டும் சோதனை) பார்க்க முடியாது, மறுபடி வெட்ட வேண்டும்.

சுடுகாப்பி

முப்பது சதவீதக் கேள்விக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை.

ரக்ஸோலிடினிப் 1.5 சதவீத கிரீமுக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன, ட்ரூ-வி1, ட்ரூ-வி2 என்று பெயர். இரண்டிலும் சேர்த்து 674 பேர், 12 வயதுக்கு மேற்பட்டவர்கள், உடம்பில் 10 சதவீதப் பரப்புக்குள் நோய் இருப்பவர்கள். எண்ணியது இதை: 24 வாரம் கழித்து முகத்தில் இழந்த நிறத்தில் முக்கால் பங்காவது எத்தனை பேருக்குத் திரும்பியது? முதல் ஆய்வில் கிரீம் போட்டவர்களில் 29.8 சதவீதம் பேருக்கு, மருந்தில்லாத வெறும் கிரீம் போட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு. இரண்டாவதில் 30.9-ம் 11.4-ம். ஆக, நூறு பேரில் முப்பது பேர். அதிலும் முக்கால் பங்கு. அதிலும் முகம்.

வெறும் கிரீம் போட்ட பக்கத்தையும் பார், தம்பி. மருந்தே இல்லாமல் நூறில் ஏழு, பதினொரு பேருக்கு முகத்தில் முக்கால் பங்கு நிறம் வந்திருக்கிறது. இந்த நோய் தானாகவும் ஏறி இறங்கும், வெயிலும் வேலை செய்யும். லாட்ஜ் வைத்தியரின் ஆல்பத்தில் இருக்கிற 'முன், பின்' போட்டோக்களில் பாதி இந்தக் கணக்கில் வருகிறவர்கள்தான்.

24 வாரத்தோடு நிறுத்தாமல் ஒரு வருடம் தொடர்ந்து போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த முக்கால் பங்கை எட்டினார்கள். அதனால் ஆறு மாதத்தில் ஒன்றுமில்லை என்று தூக்கிப் போடுவதும் தப்பு. 2022 ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை அங்கீகரித்தது, தோலில் நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்கென்றே அங்கீகாரம் பெற்ற முதல் மருந்து அதுதான்.

ஆனால் எனக்கு இதில் ஒரு குறை உண்டு. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள். நம்முடைய தோலில் திட்டு பளிச்சென்று தெரியும், அவர்களுக்குக் குளிர்காலத்தில் கண்ணுக்கே தெரியாது. அங்கே முக்கால் பங்கு என்றால் வெற்றி. இங்கே முகத்தில் கால் பங்கு வெள்ளை மிச்சமிருந்தால் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நோயாளியிடமே 'இப்போது எவ்வளவு கண்ணில் படுகிறது' என்று கேட்கிற அளவுகோலும் அந்த ஆய்வில் இருந்தது, அதில் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று சொன்னவர்கள் 24 வாரத்தில் நான்கில் ஒருவருக்கும் குறைவு. விளம்பரத்தில் இந்த எண் வராது.

காரைக்குடியான்

முகம் சரி. விரல் நுனி?

ஓ.பி.சீட்டு

கஷ்டம்தான், மறைக்க விரும்பவில்லை. டி செல்லை அடக்கினால் மட்டும் நிறம் வராது, புதிய மெலனோசைட் எங்கிருந்தாவது வர வேண்டும். அதன் சேமிப்புக் கிடங்கு ரோமக்கால். நிறம் திரும்பும்போது கவனித்துப் பாருங்கள், வெள்ளைத் திட்டின் நடுவே ஒவ்வொரு முடியின் அடியிலும் கடுகளவுக்குப் பழுப்புப் புள்ளி முளைக்கும், அது பெரிதாகிப் பக்கத்துப் புள்ளியோடு சேரும். முகத்தில் ரோமக்கால் நெருக்கம், அதனால் நன்றாக வரும். விரல் நுனியில் ரோமக்காலே இல்லை. திட்டில் இருக்கிற முடியும் நரைத்திருந்தால் கிடங்கும் காலி என்று அர்த்தம், அங்கேயும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த இடங்களுக்கு அறுவை வழி உண்டு. தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்துச் செல்களைப் பிரித்துத் திட்டின் மேல் ஊற்றிக் கட்டுவார்கள். ஆனால் குறைந்தது ஒரு வருடமாவது புதுத் திட்டு வராமல், பழையது பெரிதாகாமல் இருக்க வேண்டும். விரல் நுனியில் அதுவும் மற்ற இடங்களைப் போல நன்றாகப் பிடிக்காது.

வெயிலான்

இப்போதைய பிள்ளைகளுக்குக் கிரீம். எங்கள் காலத்தில் சோரலன் மாத்திரை போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வெயிலில் நிற்க வேண்டும். அன்று முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. கொஞ்சம் அதிகம் நின்றுவிட்டால் கொப்புளம். எனக்கு முன்னங்கையில் நிறம் வந்தது, இடுப்பில் வரவில்லை.

அந்த மருந்து வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்காதே. கார்போக அரிசியில் இருப்பது அதே சோரலன்தான், நம் வைத்தியர்கள் அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் உட்காரச் சொன்னது அதனால்தான். எகிப்தில் நைல் கரையில் முளைக்கிற இன்னொரு செடியை இதே மாதிரி பயன்படுத்தினார்கள். கெய்ரோவில் எல் மோஃப்டி என்ற டாக்டர் 1940-களில் அந்தச் செடியிலிருந்து பிரித்த மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து முறையாக எழுதி வைத்தார், அதிலிருந்துதான் உலகம் முழுக்கப் போனது.

ஓ.பி.சீட்டு

ஐயா சொல்வது சரி. ஆனால் யாரும் கார்போக அரிசியை வீட்டில் அரைத்துப் பூசிக்கொண்டு மாடிக்குப் போகாதீர்கள், அளவு தெரியாமல் வெந்து போய் வருகிறவர்களை இப்போதும் பார்க்கிறோம். 1997-ல் நெதர்லாந்தில் வெஸ்டர்ஹாஃப் குழு மாத்திரையே இல்லாமல் 311 நானோமீட்டர் குறும்பட்டைப் புற ஊதா ஒளியே போதும் என்று காட்டியது. இன்று பெட்டி மாதிரி இருக்கிற அந்த அறையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு சில நொடி, போகப் போகச் சில நிமிடம் நின்றால் போதும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கலாம்.

சுடுகாப்பி

அதற்கும் ஒரு எண் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 517 பேரை வைத்து நடந்த ஹை-லைட் ஆய்வில் கையடக்க ஒளிக்கருவியை வீட்டுக்கே கொடுத்து அனுப்பினார்கள். ஒன்பது மாதம் கழித்து, திட்டு கண்ணில் படுவது வெகுவாகக் குறைந்தது என்று சொன்னவர்கள் ஸ்டீராய்டு களிம்பு மட்டும் போட்டவர்களில் 17 சதவீதம், ஒளி மட்டும் 22, இரண்டும் சேர்த்து 27. ஒளியை நிறுத்தியதும் பலருக்கும் கிடைத்த பலன் போய்விட்டது.

இயற்கைவழி_குணம்

வெண்புள்ளியா? கவலை வேண்டாம்! 90 நாளில் நிரந்தரத் தீர்வு, பத்தியம் இல்லை, பக்கவிளைவு இல்லை, வாட்ஸ்அப்பில்...

மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவின் மீதியும் எண்ணும் நீக்கப்பட்டன. தொடருங்கள்.

வைகைக்கரை

பெம்பிகஸ் நோயாளி நானே பேசுகிறேன். ரிட்டுக்ஸிமாப் எல்லாம் எங்களுக்கு அப்போது பெயர்கூடத் தெரியாது. மெத்தை விரிப்பில் படுத்தால் முதுகுத் தோல் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வார்டில் வாழை இலையைச் சுத்தம் செய்து விரித்து அதன் மேல் படுக்க வைத்தார்கள். இலை ஒட்டாது, குளுமையாக இருக்கும், திரும்பிப் படுக்கும்போது உயிர் போகாது. காலையில் சிஸ்டர் பழைய இலையைச் சுருட்டி எடுக்கும்போது அதில் தோல் துணுக்கு எவ்வளவு இருக்கிறது என்று நானே எட்டிப் பார்ப்பேன், குறைந்திருந்தால் அன்றைக்குக் கஞ்சி கூட ஒரு டம்ளர் இறங்கும்.

எனக்குக் கொடுத்தது பல்ஸ் சிகிச்சை. மாதம் மூன்று நாள் தொடர்ந்து டெக்ஸாமெதசோன் 100 மில்லிகிராம் டிரிப், அதில் ஒரு நாள் சைக்ளோபாஸ்பமைடு 500 மில்லிகிராம் சேர்த்து, வீட்டில் தினம் 50 மில்லிகிராம் மாத்திரை. 28 நாளுக்கு ஒருமுறை அதே வார்டு, அதே முகங்கள். பல்ஸ் நாளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் டிரிப் ஸ்டாண்டோடு வராந்தாவில் உட்கார்ந்து கதை பேசுவோம். இன்று எனக்கு மருந்து எதுவும் இல்லை. இதைத் தொடங்கியவர் டெல்லி எய்ம்ஸில் இருந்த டாக்டர் பஸ்ரிச்சா என்று எங்கள் மேடம் சொன்னார்.

ஓ.பி.சீட்டு

ஆமாம் அக்கா, ஜே.எஸ். பஸ்ரிச்சா. 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார், 1984-ல் பிரசுரித்தார். நான்கு கட்டம்: கொப்புளம் அடங்கும் வரை பல்ஸ், அடங்கிய பிறகும் ஒன்பது பல்ஸ், பிறகு ஒன்பது மாதம் மாத்திரை மட்டும், கடைசியாக மருந்தில்லாமல் கண்காணிப்பு. காரைக்குடித் தம்பி, உங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்களா? வெண்புள்ளி பரவும் வேகத்தை நிறுத்த அந்த மினி-பல்ஸ் முறையைக் கொண்டுவந்ததும் அதே பஸ்ரிச்சாதான். உங்கள் நோய்க்கும் உங்கள் அத்தை நோய்க்கும் நடுவே இருக்கிற உண்மையான சொந்தம் அவர்தான் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

காரைக்குடியான்

கொடுத்தார்கள்! சனி, ஞாயிறு மாத்திரை. இது அவர் வேலையா!

சுடுகாப்பி

அடிக்க வராதீர்கள், ஆனால் சொல்லத்தான் வேண்டும். பல்ஸ் சிகிச்சை நம் நாட்டில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுக்கப்பட்டது, ஆனால் 'இது இல்லாமல் வேறொன்று கொடுத்திருந்தால்?' என்று குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து யாரும் பெரிய அளவில் பார்க்கவில்லை. நடுவில் வராமல் நின்றுவிட்டவர்கள் கணக்கில் எங்கே போனார்கள் என்பதும் தெளிவில்லை. ஜெர்மனியில் 22 பேரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததில் பல்ஸ் பக்கம் மேல் என்று வரவில்லை.

வைகைக்கரை

குலுக்கல் போட்டுப் பார்க்க வார்டில் நேரம் எங்கே இருந்தது? பக்கத்துக் கட்டிலில் ஒருவர் போய்ச் சேர்ந்த வாரம்தான் எனக்கு முதல் பல்ஸ்.

ஓ.பி.சீட்டு

இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸ்டீராய்டு வருவதற்கு முன்னால், அதாவது 1950-களுக்கு முன், இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துவிடுவார்கள். ஸ்டீராய்டு வந்ததும் பிழைத்தார்கள், ஆனால் ஸ்டீராய்டே சிலரைக் கொன்றது: சர்க்கரை, தொற்று, எலும்பு முறிவு. மாதம் மூன்று நாளில் அடித்துவிட்டு மற்ற நாள் தினசரி ஸ்டீராய்டு இல்லாமல் விடலாம் என்பது பஸ்ரிச்சாவின் யோசனை, அது ஏழை நோயாளிக்குக் கட்டுப்படியானது. ஆனால் சைக்ளோபாஸ்பமைடு சினைப்பையையும் விந்தணுவையும் பாதிக்கும் மருந்து, இளம் பெண்களுக்கு இந்த விலை பெரியது. அதனால்தான் குழந்தை பெற வேண்டியவர்களுக்கு அதற்குப் பதில் அசத்தியோபிரின் போட்டார்கள்.

சுடுகாப்பி அண்ணன் கேட்கிற மாதிரியான ஆய்வு பிரான்ஸில் நடந்தது. பாஸ்கல் ஜோலி குழு, 2017, லான்செட் மருத்துவ இதழ். புதிதாக நோய் வந்த 90 பேர். பாதிப் பேருக்கு ரிட்டுக்ஸிமாபோடு குறைந்த ஸ்டீராய்டு மூன்று அல்லது ஆறு மாதம். மற்றவர்களுக்கு அதிக ஸ்டீராய்டு மட்டும், ஒரு வருடம் அல்லது ஒன்றரை வருடம். இரண்டு வருடம் கழித்து எந்த மருந்தும் இல்லாமல் கொப்புளமும் இல்லாமல் இருந்தவர்கள் ரிட்டுக்ஸிமாப் பக்கம் 89 சதவீதம், ஸ்டீராய்டு பக்கம் 34. மறு வருடமே எஃப்.டி.ஏ. அங்கீகாரம்.

சுடுகாப்பி

இதற்கு மேல் நான் என்ன சொல்ல. 90 பேர் போதும், வித்தியாசம் அவ்வளவு பெரிது.

மாத்திரைப்பெட்டி

திருச்சியில் மருந்துக்கடை. ரிட்டுக்ஸிமாப் நம் ஊரில் அரசு வார்டு வரை எட்டியதற்கு ஒரு காரணம் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் 2007-ல் கொண்டுவந்த ரெடிடக்ஸ், உலகிலேயே முதல் ரிட்டுக்ஸிமாப் பயோசிமிலர், அதாவது மூல மருந்தைப் போலவே வேறு நிறுவனம் தயாரிப்பது. புற்றுநோய்க்காக வந்தது, தோல் வார்டுக்கும் பயன்பட்டது. ஆனால் அதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம், பழைய கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடும்.

நான் சொல்ல வந்தது வேறு. வயதானவர்களுக்கு வருகிற இன்னொரு கொப்புள நோய் புல்லஸ் பெம்பிகாய்டு, அதற்கும் பெம்பிகஸுக்கும் பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று. முதலில் மாதக்கணக்கில் அரிப்பு மட்டும், பிறகு இறுக்கமான பெரிய கொப்புளம், எளிதில் உடையாது, வாய் பெரும்பாலும் தப்பிவிடும். சர்க்கரைக்குக் கொடுக்கிற வில்டாக்ளிப்டின் வகை மாத்திரைகள் சிலருக்கு இதைக் கிளப்பிவிடும் என்பது இப்போது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியாகிவிட்டது. 2019 டிசம்பரில் இங்கே அதன் காப்புரிமை முடிந்து விலை விழுந்ததிலிருந்து என் அலமாரியில் எத்தனை பிராண்ட் என்று எனக்கே குழப்பம். எழுபது வயதுப் பெரியவர் அரிப்புக்குக் களிம்பு கேட்டு வந்தால் நான் சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் காட்டச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், சீட்டோடு டாக்டரிடம் போங்கள்.

ஓ.பி.சீட்டு

அருமை அண்ணா. பெம்பிகாய்டு ஆய்வுகளில் எனக்கு ஆச்சரியமானது 2002 பிரெஞ்சு ஆய்வு, அதுவும் ஜோலி குழுதான், 341 பேர். உடம்பெல்லாம் நோய் பரவியவர்களுக்குக் குளோபெட்டசால் களிம்பை நாளுக்கு 40 கிராம் பூசினார்கள், மற்றவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை. ஒரு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் களிம்புப் பக்கம் 76 சதவீதம், மாத்திரைப் பக்கம் 58. நோயைவிட மருந்துதான் முதியவர்களைக் கொண்டுபோகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் தினம் 40 கிராம் என்றால் நம் ஊர்ச் சின்ன டியூப் இரண்டு மூன்று காலியாகும், பூசிவிட ஓர் ஆளும் வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம்.

தாமிரபரணி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு நெற்றியில், பொட்டு வைக்கிற இடத்தில் மட்டும் வட்டமாக வெள்ளை. இதுவும் அதேதானா?

ஓ.பி.சீட்டு

ஒட்டுப் பொட்டா? பசையில் இருக்கிற சில ஃபீனால் வகை ரசாயனங்கள் மெலனோசைட்டைக் கொல்லும். ரப்பர் செருப்பு வார் படுகிற இடத்தில் 'வி' வடிவத்தில் வருவதும் அதே வகை. உடனே ஒட்டுப் பொட்டை நிறுத்தி ஒரு தோல் டாக்டரிடம் காட்டுங்கள், பலருக்கு நிறம் திரும்பும், சிலருக்கு நெற்றியைத் தாண்டியும் பரவும்.

இது ஆய்வுக்கும் பெரிய பாடமாக இருந்தது. 1939-ல் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் ரப்பர் கையுறை போட்டவர்களுக்குக் கை வெளுத்தது, ரப்பரில் கலந்திருந்த மோனோபென்சோன்தான் காரணம். பின்னால் அதையே, உடம்பில் பெரும்பகுதி வெளுத்துவிட்டவர்களுக்கு மிச்சத் திட்டையும் வெளுக்க வைக்கும் மருந்தாக்கினார்கள். 2013 ஜூலையில் ஜப்பானில் கனெபோ நிறுவனம் ரோடோடெனால் கலந்த வெண்மை கிரீம்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது, அதற்குள் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. சிவப்பழகு என்று டியூபில் எழுதியிருந்தால் பின்பக்கமும் திருப்பிப் படியுங்கள்.

காரைக்குடியான்

இன்னொரு விஷயம். வெண்புள்ளிக்கு ஜாக் வகை மாத்திரை ஒன்றின் ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் அம்மா 'எலிக்குப் பண்றத உனக்குப் பண்ணப் போறாங்க' என்று அழுகிறார். சேரலாமா?

வெயிலான்

அம்மா சொல்வதைக் கேள்.

சுடுகாப்பி

அண்ணே, எல்லோரும் அம்மா சொல்வதைக் கேட்டிருந்தால் நம் எண்ணெல்லாம் எங்கிருந்து வந்திருக்கும்!

தம்பி, முதலில் அந்த ஆய்வு சி.டி.ஆர்.ஐ. என்கிற இந்திய மருந்து ஆய்வுப் பதிவேட்டுத் தளத்தில் பதிவாகியிருக்கிறதா பார். 2009 ஜூனிலிருந்து இந்தியாவில் மருந்து ஆய்வுகளுக்கு முன்பதிவு கட்டாயம். பதிவு எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடு. பிறகு அதில் 'முதன்மை அளவீடு' என்று போட்டிருப்பதைப் படி: முகமா, மொத்த உடம்பா, எத்தனை வாரம். உன் விரல் நுனி கணக்கில் வருகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஓ.பி.சீட்டு

உங்கள் நோய் உயிரை எடுப்பதில்லை, அதனால் மருந்தில்லாத வெறும் மாத்திரைக் குழுவில் விழுந்தாலும் இழப்பு சில மாத நேரம், நடுவில் திட்டு பரவினால் என்ன செய்வார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஆனால் ஜாக் மாத்திரை முழு உடம்புக்கும் போகிறது. தொற்று, ரத்தம் உறைதல், இதயப் பிரச்சினை, புற்றுநோய் என்று அந்த வகை மருந்துகளுக்கே அமெரிக்காவில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். அந்தக் கவலை முக்கியமாக, வயதான மூட்டுவாத நோயாளிகளிடம் டோஃபாசிடினிபை வைத்து நடந்த ஆய்விலிருந்து வந்தது. உங்கள் வயதில் அபாயம் குறைவாக இருக்கலாம், ஆனால் காசநோய்ப் பரிசோதனை இல்லாமல் தொடங்கச் சம்மதிக்காதீர்கள், நம் ஊரில் அது சடங்கு இல்லை.

வைகைக்கரை

எங்கள் நோயில் ஆய்வு தோற்றுப் போவதையும் பார்த்துவிட்டேன். ரில்சாப்ருடினிப் என்று ஒரு மாத்திரை வந்தது, எல்லோரும் ஆவலாகக் காத்திருந்தோம், 2021-ல் மூன்றாம் கட்டத்தில் விழுந்துவிட்டது. எஃப்கார்டிகிமாட் என்ற ஊசி தசைச்சோர்வு நோய்க்கு நன்றாக வேலை செய்கிறது, ஆன்டிபாடியை வேகமாக இறக்குகிறது, எங்களுக்கு அதுவும் 2023 கடைசியில் தோற்றது. எனக்குப் புரியவே இல்லை, ஆன்டிபாடிதான் காரணம் என்றால் அதை இறக்கினால் ஏன் சரியாகவில்லை?

ஓ.பி.சீட்டு

அக்கா, இதற்கு என்னிடம் இருப்பது ஒரு கருத்து மட்டும். பெம்பிகஸ் நோயாளியை வெறும் மாத்திரையோடு விட முடியாது, ஆபத்து. அதனால் இரண்டு குழுவுக்கும் ஸ்டீராய்டு உண்டு. ஸ்டீராய்டே பாதிப் பேரை ஆற்றிவிடும்போது புது மருந்து கூடுதலாகச் செய்தது கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரெஞ்சு ஆய்வு ஜெயித்ததற்கு மருந்து மட்டும் காரணமில்லை, அவர்கள் இரண்டு வருடம் காத்திருந்து, மருந்தை எல்லாம் நிறுத்திவிட்டு எண்ணினார்கள். ஸ்டீராய்டு விலகிய பிறகுதான் வித்தியாசம் வெளியே வரும்.

அடுத்து வருவது இன்னும் சுவாரசியம். பென்சில்வேனியாவில் ஏமி பெய்ன் குழு 2016-ல் காட்டியது: நோயாளியின் டி செல்லை எடுத்து அதன் மேல் டெஸ்மோக்ளீன் 3-ஐத் தூண்டில் இரையாக மாட்டிவிடுகிறார்கள். அதைப் பிடிக்க வருகிற பி செல் மட்டும் செத்துப்போகும், மற்ற பி செல்கள் தப்பிக்கும். மனிதர்களில் ஆரம்பக் கட்ட ஆய்வுக்கும் போய்விட்டது. காரைக்குடித் தம்பியின் நோயில் வில்லன் டி செல், இங்கே அதே டி செல்லை வேலைக்கு வைக்கிறார்கள்.

காரைக்குடியான்

சரி, போய்ப் பேசிவிட்டு வருகிறேன். கேட்க வேண்டியது: பதிவு எண், முதன்மை அளவீடு, காசநோய்ப் பரிசோதனை, பரவினால் என்ன. வேறு ஏதாவது?

சுடுகாப்பி

2019 விதிகளின்படி ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. சம்மதப் படிவத்தின் பிரதி உன் கையில் இருக்க வேண்டும், தமிழில். நடுவில் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கையெழுத்து அன்றைக்கே கேட்டால் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ, அவர் கேட்கிற கேள்விதான் அங்கே கொஞ்சம் திணற வைக்கும்.

வெயிலான்

ஒன்று விட்டுவிட்டீர்கள். ஆய்வு முடிந்த மறுநாள் மாத்திரை யார் தருவார்கள் என்று கேள். நிறுத்தினால் போன இடத்திலேயே திரும்ப வரும், அந்த டி செல்கள் தோலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்று இந்த டாக்டர் பெண்ணே சொல்லும். எழுதிக் கொடுத்தால் சேர். வாயால் சொன்னால் யோசி.